இடது பக்கம் கேட்காத காவல்காரன்

எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தியாகதுருகம் மலைக்கோட்டை முழுதாகத் தெரியும். ஒரு கோடை விடுமுறையில் அந்தக் கோட்டையை நானும் மாமாவும் பூதங்களிடமிருந்தும் எதிரிகளிடமிருந்தும் காவல் காத்தோம். மாடிக்குக்கூடப் போகவில்லை. வெயிலுக்கு அஞ்சி, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே காத்தோம்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தது பெரியப்பா மகன். சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன், விடுதியில் அதைக் கற்றிருந்தான். பலகையும் கிடையாது, காய்களும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். சண்டையில் வெட்டு விழுந்ததா, கதவு திறந்ததா என்பதையெல்லாம் பகடைதான் தீர்மானிக்கும். அதற்குப் பல முகங்கள் கொண்ட பகடைகள் வேண்டுமாம். எங்களிடம் பித்தளைத் தாயக்கட்டைதான் இருந்தது. அது போதும் என்று அண்ணன் விதிகளைத் திருத்திக்கொண்டான்.

ஒரு விதியை மட்டும் அவன் திருத்தவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு திறமையும் ஒரு குறையும் உண்டு. அந்தக் குறையை எந்த நெருக்கடியிலும் மறக்கக் கூடாது. மறந்தால் அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். விடுமுறை முடியும்வரை ஒருமுறைகூட மறக்காதவர்தான் கோட்டைத் தலைவர்.

நான் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்த மூலிகைக்காரி. தண்ணீரைக் கண்டால் பயம் என்பது என் குறை. முதல் நாளே கதையில் ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஆற்றில் குதித்துவிட்டேன்.

"நீ குதிப்ப பாப்பா, சரி. மூலிகக்காரி குதிப்பாளா?" என்றான் அண்ணன்.

நியாயமான கேள்வி. அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியேறினேன். எனக்கு அப்போதே ஒழுங்கு முக்கியம். செருப்புகளை ஜோடி மாறாமல் அடுக்கிவைக்கும் குழந்தை நான்.

மாமா கோட்டை வாசலின் காவல்காரர். அம்மாவின் தம்பி. சின்னசேலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். மாமா போலீஸ் தேர்வுக்குத் தயாராவதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். விடியற்காலையில் கள்ளக்குறிச்சி சாலையில் ஓடுவார். திரும்பி வந்ததும் அம்மா அவருக்கு மட்டும் இரண்டு முட்டை அவித்து வைப்பாள். தைப்பொங்கலுக்குள் எங்கள் வீட்டுக் கொடியில் காக்கிச்சட்டை காயும் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள். குத்தகைக் குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம். அம்மாவின் பேச்சில் வேறு விஷயமே இருக்காது. ஓட்டம், கயிறு ஏறுதல், கடைசியில் டாக்டர் பரிசோதனை என்று உடல்தகுதித் தேர்வில் மூன்று கட்டங்கள். முதல் இரண்டைப் பற்றி மாமா அலுக்காமல் பேசுவார். மூன்றாவதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை.

காவல்காரனின் குறையை மாமாவேதான் தேர்ந்தெடுத்தார். இடது காது கேட்காது. இடது பக்கச் சத்தம் காதில் விழ வேண்டுமானால் தாயம் விழ வேண்டும் என்று அண்ணன் விதி சேர்த்தான்.

அந்தக் குறையை மாமா காப்பாற்றிய விதம்தான் என்னைத் திகைக்க வைத்தது. காவல்காரன் எப்போதும் இடப்புறம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து நிற்பான். யாராவது பேசினால் உதட்டைப் பார்ப்பான். நாய் எந்தப் பக்கம் காதை நிமிர்த்துகிறது என்று கவனித்துக்கொள்வான். இதெல்லாம் எந்த விதியிலும் இல்லை. மாமாவுக்கு இவ்வளவு கற்பனை எங்கிருந்து வந்தது என்று வியந்தேன்.

ஒருநாள் கதையில் எதிரிக் குதிரைகள் இடப்புறமாக வந்தன. காவல்காரனுக்குக் கேட்டிருந்தால் வாசலை அடைத்திருக்கலாம். அண்ணன் தாயக்கட்டையை நீட்டினான். மாமா வாங்கவில்லை.

"காவக்காரனுக்குக் கேக்கல மாப்ள. கேக்காத சத்தத்துக்கு அவன் எதுக்குக் கட்டய உருட்டப் போறான்?"

வாசல் பறிபோனது. அண்ணன் மாமாவைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டு, எதிரிகளை ஏதோ காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினான். அது விதிமீறல் என்று நான் கத்தியதை அவன் பொருட்படுத்தவில்லை.

அதன் பிறகு மாமாவைச் சோதிப்பதே என் வேலையாயிற்று. ஆட்டம் இல்லாத நேரத்தில் அவர் மறந்து திரும்புவார், பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் பல் துலக்கும்போது இடது பக்கம் போய் நின்று, சட்டையில் பல்லி என்றேன். அசையவில்லை. முட்டையைப் பூனை தூக்கிக்கினு போவுது என்றேன். அதற்கும் அசையவில்லை. வலது பக்கம் வந்து சொன்னபோது மட்டும், "எந்தப் பூன? ஒங்கம்மா வளத்த இந்தப் பூனயா?" என்று என் காதைத் திருகினார்.

விடுமுறையின் கடைசி நாள் எல்லோரும் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தலைவர் யார் என்று சொல்லும்படி அண்ணனை நச்சரித்தேன். அவன், "துன்னு முடி பாப்பா, அப்பறம் பாக்கலாம்" என்றான். நான் எதையும் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. மாமாதான் தலைவர் என்று நானே தீர்ப்புச் சொல்லி, ஆதாரங்களையும் அடுக்கினேன். பல்லியைச் சொன்னேன். பூனையைச் சொன்னேன். கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரியதை வைத்தேன்.

"அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு வந்துச்சுன்னு லெப்ட் பக்கம் நின்னு அவ்ளோ கத்துனேன்மா. அப்பக்கூட திரும்பல. பஸ்ஸு போயே போச்சு. ஆனா ரூல மீறல!"

அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அப்பா சிரிக்கத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ரசக் கரண்டியோடு நின்றிருந்த அம்மா, மாமாவின் பின்னால் போய் இடது தோளுக்கு அருகே குனிந்தாள்.

"தம்பி, ரசம் ஊத்தட்டா?"

மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அம்மா வைத்த சோதனையிலும் ஜெயித்துவிட்டாரே! கை தட்டினேன். கைதட்டலைக் கேட்டு மாமா நிமிர்ந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். பின்னால் திரும்பி, அம்மா நின்ற இடத்தையும் பார்த்தார்.

"ஊர்க் கெணத்துல குதிச்சிட்டு வந்து காது வலிக்குதுன்னியே, அப்பவாடா?" என்று அம்மா கேட்டாள்.

மாமா தலையசைத்தார். "அடுத்த மாசந்தாங்க்கா செலக்‌ஷன். அது வரிக்கும் யாருக்கும் தெரிய வாணாம்னு பாத்தேன்."

மறுநாள் அம்மா அவரைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போனாள். செவிப்பறை கிழிந்து வெகுநாளாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். மாமா தேர்வுக்குப் போகவில்லை. விடியற்கால ஓட்டம் நின்றது. முட்டை மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஊருக்குப் போனவர், பிறகு சின்னசேலத்தில் விதைக்கடை வைத்தார். இன்றைக்கும் அவர் மேசை, இடப்புறம் சுவர் வரும்படிதான் போடப்பட்டிருக்கிறது.

எனக்கு அன்று புரிந்ததெல்லாம் வேறு. அதுவரை எங்கள் ஆட்டத்தை வெட்டிவேலை என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அந்த மதியத்துக்குப் பிறகு மாமாவை ஒருமுறைகூட இடது பக்கமிருந்து அழைக்கவில்லை. சோறு போடவும், சட்டை கொடுக்கவும், சும்மா பக்கத்தில் உட்காரவும் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். ஒரு சுற்றுகூட உட்கார்ந்து ஆடாதவள், எங்கள் எல்லோரையும்விட விதியைச் சரியாகக் கடைப்பிடித்தாள். அம்மாவும் கடைசியில் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.