நாற்று என்றால் என்ன

திருத்தணியில் ரயிலிறங்கி, பள்ளிப்பட்டு பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் நான் வேலை பார்க்கும் பள்ளி. ஆறாம் வகுப்புக்குத் தமிழ். சேர்ந்த அன்றே நூறு சொற்கள் கொண்ட அச்சுப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு பொருள். தினம் ஐந்து சொல்லை ஐந்து முறை எழுத வைக்க வேண்டும். நானும் அப்படி எழுதி வளர்ந்தவன்தான். எழுதிய எதுவும் என் பேச்சில் வந்து ஒட்டவில்லை.

அதனால் வேறு மாதிரி செய்தேன். காலையில் ஒரு பிள்ளையிடம் சாக்பீஸைக் கொடுப்பேன். பலகையில் ஒரு சொல்லை எழுதி, அதை வைத்து என்ன செய்கிறோம் என்று விளக்க வேண்டும். வேறு யாராவது தன் வீட்டை வைத்து அதே சொல்லில் ஒரு வாக்கியம் சொல்லும்வரை உட்காரக் கூடாது.

கடைசி வரிசையில் ஒரு பெண். அம்மா கூலிக்கு நடவு நடப் போகிறவர். ஜூனிலிருந்து அவள் குரலையே நான் கேட்டதில்லை. சாக்பீஸ் கைக்கு வந்த நாளில் 'வரப்பு' என்று எழுதினாள். அதில் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஏனாம் என்று ஒருவன் சீண்டினான். "வழுக்கினா உங்க மாமாவா வந்து புடிப்பாரு?" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

கிருத்திகைக்கு மறுநாள் ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மலையில் மொட்டை போட்டு வந்த மூன்று பையன்கள் தலையில் சந்தனத்தோடு தூங்கி வழிந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லி, நாற்று என்பதற்குப் பொருள் கேட்டார்.

"வெத உட்டு, வளந்ததும் புடுங்கி, வேற கயினில நடுவாங்களே, அது சார்."

"பொருள் கேட்டா கதை சொல்றியே" என்று பெருக்கல் குறி போட்டார். பட்டியலில் இருந்த விடை 'இளம்பயிர்'. அடுத்த நான்கு சொற்களுக்கு அவள் வாயே திறக்கவில்லை. மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் ஏறியது. பெற்றோர் ஒப்பம் வந்துவிட்டால் தமிழ்ப் பாடவேளை முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்து அ, ஆ எழுத வேண்டும். சேற்றில் நின்று நாற்றுப் பிடுங்கிய பிள்ளைக்கு நாற்று தெரியாதாம்.

தலைமை ஆசிரியர் என்னைத்தான் கடிந்துகொண்டார். "அது சொன்னது நீங்க பழக்கினபடிதான் சார். பட்டியல மனப்பாடம் பண்ண வெச்சிருந்தா இந்தப் பேச்சே இல்ல." அது உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

ஐந்தாம் வகுப்பில் என் பெயரும் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தது. என்ன தாள் என்று தெரியாமலேயே அப்பா கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள் என்று வீட்டில் சந்தோஷமாகச் சொன்னார். நான் இரண்டு வருடம் வராந்தாவில் இருந்தேன்.

மறுநாள் மதியம் அவள் அம்மா கழனியிலிருந்து நேராக வந்தார். முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது என்று, கேட்பதற்கு முன்பே கட்டைவிரலை நீட்டினார். மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டினேன்.

"நாத்துக்கு இன்னா சொல்லணுமாம் சார்?"

"இளம்பயிர்னு சொல்லணுமாம் அம்மா."

கொஞ்சம் யோசித்தார். "எள்ளு, உளுந்து, கள்ளக்கா எல்லாமே மொளச்சி வந்தா இளசாத்தான் சார் இருக்கும். அதெல்லாம் நாத்தா? புடுங்கி நட்டாத்தான் நாத்து. எம்பொண்ணு செரியாத்தானே சொல்லிகீது?"

பட்டியல் அச்சடித்தவர், குறி போட்டவர், தமிழ் படித்துவிட்டு வந்த நான், மூன்று பேருக்கும் தோன்றாதது அது.

"அப்ப இதுல நான் கை வெக்க மாட்டேன் சார்" என்று விரலை மடக்கிக்கொண்டார்.

ஒப்பம் இல்லாமல் தாளை அனுப்ப முடியாது. குறிப்பு என்ற கட்டத்தில் அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, வம்பை விலைக்கு வாங்குறீங்க என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். அவள் வகுப்பில்தான் இருக்கிறாள், வராந்தாவுக்குப் போகவில்லை.

ஆனால் தினமும் காலையில் சாக்பீஸை வாங்கி, ஒன்றும் எழுதாமல் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறாள். நானும் ஒவ்வொரு முறையும் முதலில் அவளிடம்தான் நீட்டுகிறேன்.