செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள்

பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தால் பலருக்கும் ஏக்கம் வருகிறது. எனக்கு மணிக்கட்டுதான் வலிக்கிறது. தேயிலை விலை விழுந்த வருடங்களில், கூடலூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் நான்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பச்சைத் தேயிலையின் விலையை அந்த மிஷின்தான் குறைக்கிறது என்று நம்பிய சிறு விவசாயிகள் ஒருநாள் கவாத்துக் கத்தியோடு வந்தார்கள். வழக்கம்போல் கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

"நகர்றா, இதை ஒடைச்சாத்தான் வெல ஏறும்" என்று கத்தியின் பிடியால் என் மணிக்கட்டை உடைத்தவர் என் சொந்த மாமா.

டி.வி. மாதிரி இருந்த மானிட்டரை நொறுக்கினார்கள். சிதறிய கண்ணாடி அவர்கள் பாதங்களையே கிழித்தது. ரத்தம் சொட்ட நொண்டிக்கொண்டு போய்ச் செருப்பைத் தேடினார்கள். மேசைக்கடியில், ஒருவரும் தொடாத சி.பி.யு. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. குறைந்த விலை அதற்குள் பத்திரமாக இருந்தது.