ஜெயமேரி அக்கா வீட்டு நாற்காலிகள்

வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை எப்படிக் காட்டுவது என்பதில் என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கொள்கை வேறுபாடு இருந்தது. இருப்பதை மறைக்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. இல்லாததையும் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு கட்சிக்கும் சுமை தூக்கிய ஒரே தொண்டர் நான்தான். அவ்வளவு கொண்டாட்டமான ஒரு சனிக்கிழமையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்பாலைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஒன்றோடொன்று ஒட்டிய ஆறு ஓட்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, மாதம் முடிவதற்குள் ஆறு குடும்பமும் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள்மேல் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. வெளியூரிலிருந்து ஆலை வேலைக்கு வரும் தனி ஆட்களை அறைக்கு எட்டுப் பேராக அடைத்தால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம். குடும்பத்திடம் அப்படித் தலை எண்ண முடியாது. எழுத்து மூலமான அறிவிப்பு, விசாரணை, மேல்முறையீடு என்று இதற்கெல்லாம் சட்டத்தில் வழி இருப்பதைப் பிற்காலத்தில் வருவாய்த்துறை நாற்காலியில் உட்கார்ந்து நானே பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வரிசைக்கு அதைச் சொல்ல யாரும் வரவில்லை. நான்கு குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டன. அதில் ஒரு குடும்பம் பள்ளிப்பட்டுப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டது. மிஞ்சியவர்கள் நாங்களும், பக்கத்து வீட்டு ஜெயமேரி அக்காவும். அக்காவின் புருஷன் எங்கோ போய்விட்டிருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ரசாயன ஆலையில் டப்பா கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மெட்ராஸில் ஒரு தர்ம சங்கம், வீடில்லாமல் தெருவுக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்காக ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான்கு அறைகள் கட்டிவிட்டிருந்தது. அதில் ஒன்று காலியானது. மனு போட்டால் நேரில் வந்து பார்ப்பார்கள். யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்குக் கொடுப்பார்கள். அப்பா மனு போட்டார். சனிக்கிழமை காலை வண்டியில் இரண்டு பேர் வருவதாகக் கடுதாசி வந்தது. அந்த அறை கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஸ்டேஷன் நடைமேடை. இதைப் பெரியவர்கள் பேசும்போது நானும் கேட்டேன். நடைமேடை என்றால் ரயிலைப் பார்த்துக்கொண்டே தூங்கலாமே என்று எனக்கு அதிலும் ஓர் ஆசை இருந்தது.

அன்று அப்பாவுக்கு முதல் ஷிப்டு. எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, லாரியில் இரும்பு ஏற்றும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தலைமை ஏற்றுக்கொண்டார்.

“யக்கா, அவங்கோ இல்லாதவனப் பாக்கத்தான் ரயிலேறி வராங்கோ. கட்டிலப் பாத்தா, கட்டிலு கீது, நல்லாத்தான் கீறாங்கோன்னு எழுதிக்கினு போய்டுவாங்கோ. மொத்தத்தயும் தூக்கு.”

“வாய மூட்றா கஸ்மாலம். அவ்ளோ தூரத்துலர்ந்து வர்றவங்கள தரையில குந்த வெச்சிட்டு நாளைக்கு நான் தெருவுல தல காட்ட முடியுமா?”

“தெருவே நமக்கு இருக்கப் போவுதா இல்லியான்றதுதான் யக்கா இப்ப பேச்சு!”

அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் வாங்க அனுப்பினாள். மாமா கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விறகுக் கடைக்கு நடந்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் எங்கள் டிரங்குப் பெட்டி, சுவர்க் கடிகாரம், அரிசி டின், என் சிலேட்டுப் பலகை உட்பட எல்லாம் வாசல் வழியே வெளியே போயின. அதே வாசல் வழியே ஜெயமேரி அக்காவின் இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு டேபிள் ஃபேன், ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் உள்ளே வந்தன. வெளியே போகும் பெஞ்சும் உள்ளே வரும் நாற்காலியும் நிலைப்படியில் முட்டிக்கொண்டபோது மாமா என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் ஃபேனுக்கு ப்ளக் கிடையாது, அதை வைக்க மேசையும் கிடையாது. பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள் அம்மா. ஃபேன் சுற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே.

அக்கா கேட்டதையெல்லாம் கொடுத்தாள். கேட்காத ஒரு பித்தளைக் குடத்தையும் என் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

“இத்தயும் எடுத்துக்கினு போ பாப்பா. எல்லாம் அங்கியே இருக்கட்டும். பொழுதுபோனப்புறம் நானே வந்து எடுத்துக்கிறேன். அதுவரிக்கும் நீ ஒண்ணும் கொண்டாராத, இன்னா?”

இவ்வளவு தாராளமான மனுஷி உலகத்தில் இருக்க முடியுமா என்று நான் பூரித்துப்போய்த் தலையாட்டினேன்.

கையில் ஃபைலோடு கண்ணாடி போட்ட ஓர் அம்மாளும், குடை வைத்திருந்த ஒரு நரைத்த தலைக்காரரும் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மாள் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். கல்யாணச் சீராக வந்த பாத்திரம். வெட்டிய பெயர் பளிச்சென்று தெரிந்தது.

“ஜெயமேரின்னு போட்டிருக்கே. உங்க பேரா?”

அம்மா தரையைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார். வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாத விடை தனக்கு மட்டும் தெரிந்துவிட்ட பிள்ளையைப்போல நான் துள்ளி முன்னால் வந்தேன்.

“அது பக்கத்து ஊட்டு அக்கா பேரு! நாற்காலி கூட அவங்கள்துதான். ஃபேனு, கொடம், எல்லாம்!”

“அப்படியா? இதுல உங்களுது எது?”

நான் நேர்மையாகச் சுற்றிப் பார்த்தேன். மாமா தன் வேலையைத் திருத்தமாகச் செய்திருந்தார்.

“பக்கெட்டு” என்றேன்.

நரைத்த தலைக்காரர் எழுதத் தொடங்கினார். மாமா பின்னாலிருந்து என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“ஜெயமேரியும் இதே ரூமுக்கு மனு போட்டிருக்காங்க. அவங்க வீட்டையும் இன்னிக்கே பாத்துடறோம். அதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறோம்.”

வீட்டுக்காரரின் மாடி வீடு தெருக்கோடியில் இருந்தது. அவர்கள் அந்தப் பக்கம் நடந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“அடியே, அவ ஊட்டுக்கும் போறாங்கோ. வந்தவங்கள குந்த வெக்க ஒண்ணும் இல்லாம நிப்பா பாவம். ஓடு, எல்லாத்தயும் கொண்டுபோய் அவ ஊட்டுல வெச்சிட்டு வந்துடு.”

“அக்கா கொண்டார வேணாம்னு சொல்லிச்சே?”

“சொன்னத செய்டி.”

எனக்கென்ன, மறுபடியும் சுமக்கலாம் என்ற குஷி. அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பாயும் ஓர் அடுப்பும்தான். வீடு அவ்வளவு வெறிச்சென்று இருந்தது எனக்கே கஷ்டமாக இருந்தது. நாலு நடை ஓடினேன். நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டேன். ஃபேனை அதன் பழைய இடத்தில் வைத்தேன். டம்ளர்களைக் கழுவி, பெயர் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கினேன். கடைசியாகக் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், தெருப்பக்கம் அவர்கள் இருவரும், அவர்களுக்குப் பின்னால் இடுப்பில் மண்குடத்துத் தண்ணீரோடு அக்காவும் வந்து நிற்கிறார்கள்.

அக்கா நாற்காலிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தண்ணீரை மெல்ல இறக்கி வைத்தாள். “குந்துங்கோ” என்றாள் வந்தவர்களிடம்.

அதே நாற்காலிகளில் அவர்கள் இரண்டாவது தடவையாக உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை டம்ளரைத் திருப்பிப் பார்க்கவில்லை. நரைத்த தலைக்காரர் எழுதினார்.

அடுத்த வாரம் கடுதாசி வந்தது. அறை எங்களுக்கு. அப்பா மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிவந்தார். காலி வீட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று மாமாவும், மரியாதையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று அம்மாவும் பல வருஷம் வாதாடினார்கள். பிற்பாடு வீட்டுமனைப் பட்டா விசாரணை என்று எத்தனையோ வீடுகளில் அப்படிப்பட்ட நாற்காலிகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். “நேரில் பார்வையிட்டதில்” என்று தொடங்கும் அறிக்கையில், அந்த நாளில் அந்த நேரத்தில் கண்ணில் பட்டதற்குத்தான் இடம் உண்டு. பட்டதற்கு முந்திய ஐந்து நிமிஷத்தில் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. அம்மா எதை நினைத்து என்னை ஓடச் சொன்னாள் என்று அவள் இருந்தவரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், வந்தவர்கள் நிற்பதா என்றுதான் சொல்லியிருப்பாள். அது உண்மையாகவும் இருந்திருக்கும். அதுதான் சங்கடம்.

நாங்கள் கைவண்டியில் சாமான்களை ஏற்றிய அன்றே அக்காவும் காலி செய்தாள். எண்ணூரில் அண்ணன் வீட்டுத் தாழ்வாரம், அதுவும் அண்ணி சம்மதித்தால். இரண்டு நாற்காலிகளையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

“இன்னா வேகம் பாப்பா உனக்கு! ஒத்த ஆளா அத்தினியும் கொண்டாந்து அடுக்கி வெச்சிட்டியே.”

அந்த வேலைக்காக ஒருவர் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அதுக்கு இன்னாக்கா, இன்னொரு தபா வேணும்னாலும் செய்வேன்” என்று கத்திக்கொண்டே கைவண்டிக்குப் பின்னால் ஓடினேன்.