ஐந்து பச்சை இலைகளும் அண்ணியின் வயிறும்

நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரத்தைப் பற்றி என் அண்ணி மணிக்கணக்கில் பேசுவார். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வாந்தி எடுக்காமல் போய்ச் சேரமாட்டார். இரண்டு வருஷம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். அந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் வேலை பார்க்கும் அறிவியல் மையத்தில் ஒரு கூடாரம் இருக்கிறது. மடித்தால் கார் டிக்கியில் அடங்கிவிடும். பள்ளிக்கூட ஹாலில் விரித்துக் காற்றடித்தால் கவிழ்த்து வைத்த பானை மாதிரி எழும்பி நிற்கும். முப்பது பிள்ளைகள் குனிந்து உள்ளே போவார்கள். காலை பதினோரு மணிக்கு, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, உள்ளே வானம் நிறைய நட்சத்திரம். நடுவில் புரொஜெக்டர், அதன் பக்கத்தில் அண்ணி. என் அண்ணன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். வீட்டில் மிச்சமாகிற பேச்சையெல்லாம் அண்ணி கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று நான் கிண்டல் செய்வேன்.

கிண்டல்தான். உண்மை வேறு. இயற்பியல் படித்துவிட்டு, பதினொரு வருஷம் மூக்குக் கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் ஃப்ரேம் எடுத்துக் கொடுத்தவர் அண்ணி. முப்பத்தாறு வயதில்தான் இந்த வேலை கிடைத்தது. வேலை கிடைத்த அன்று, வீட்டுக்கு வந்த கையோடு அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து, சூரியன் ஏன் அப்படியே இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அதன் எடை அதை உள்ளே இழுத்து நசுக்கப் பார்க்கிறதாம், நடுவிலே எரிகிற சூடு வெளியே தள்ளுகிறதாம், இரண்டும் சரிக்குச் சரி நிற்பதால்தான் நமக்கு விடிகிறதாம். அண்ணன் முக்கால் மணி நேரம் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லா சொல்றே" என்றார். அவர் கணக்குக்கு அது பெரிய பேச்சு.

என்னை டிரைவராகச் சேர்த்துவிட்டதும் அண்ணிதான். அதற்கு முன் பதினாலு வருஷம் ரொட்டி வேன் ஓட்டினேன். ரொட்டி வாந்தி எடுக்காது.

மையத்தின் பழைய டீசல் வேனில் அண்ணிக்கு ஒன்றும் ஆகவில்லை. குலுங்கிக் குலுங்கிப் போகும்; அவர் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். நான் சேர்ந்த ஆறாவது மாதம் அதைக் கழித்துவிட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கினார்கள். சனி அங்கே பிடித்தது. அதில் சத்தமே கிடையாது. முன்னால் சின்ன டிவி அளவுக்கு ஒரு ஸ்கிரீன். அந்த ஸ்கிரீனில் ஒரு செடி, செடியில் ஐந்து இலை. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் கார் தானாகவே இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அப்படிக் குறைகிறபோது பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏறும். ஒரு இலை பச்சையாகும். காலை அடிக்கடி எடுத்தால் அடிக்கடி இலை.

எந்த டிரைவருக்கு எத்தனை இலை என்று மாதா மாதம் பட்டியல் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். தொடர்ந்து நான்தான் முதலிடம். பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. அந்தப் பட்டியலைப் போனில் படம் பிடித்து என் மனைவிக்கு அனுப்பியிருக்கிறேன்.

முன்சீட்டில் புரொஜெக்டர் பெட்டி, பெல்ட் போட்டு. பின்சீட்டில் அண்ணி, மூக்குக்குக் கீழே எலுமிச்சம்பழம்.

"தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"இப்பத்தானே அண்ணி நிறுத்தினேன்?"

"அது போன வாந்தி. இது வேற."

மையத்தில் அவருக்கு எலுமிச்சை மேடம் என்றே பெயர் வந்துவிட்டது. நட்சத்திரத்தில் சிவப்பு என்றால் சூடு குறைவு, நீலம் என்றால் சூடு அதிகம், பச்சையாகத் தெரிகிற நட்சத்திரம் எதுவும் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். சொல்கிறபோது அவர் முகம் பச்சையாக இருக்கும். நான் வெளியே நின்று சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவி ஒரு மாத்திரை கொடுத்தாள். வாந்தி நின்றது, தூக்கம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில், சூரியனிலிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு, புரொஜெக்டர் மேல் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அந்த எட்டு நிமிஷத்தைத்தான் மேடம் காத்துக் காட்டுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை அப்படி நினைக்கவில்லை. மையத்துக்குப் புகார் எழுதினார். அதோடு மாத்திரையும் போயிற்று, வாந்தி திரும்பி வந்தது.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "அண்ணி, பூமி நொடிக்கு முப்பது கிலோமீட்டர் ஓடுதுன்னு நீங்கதானே சொல்றீங்க. அதுல உட்கார்ந்து வர்றப்ப ஒண்ணும் பண்ணல. என் கார் நாப்பதுல போறது மட்டும் உங்களுக்கு ஆகலையா?"

வாயைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். "பூமி ஒரே சீரா போகுது தம்பி. வயித்துக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுறதுதான் தெரியும். காதுக்குள்ள ஒரு சின்ன உறுப்பு இருக்கு, அது 'இழுக்குது, விடுது, இழுக்குது'ங்குது. கண்ணு முன்சீட்டு முதுகைப் பார்த்துட்டு 'எதுவும் அசையலையே'ங்குது. ரெண்டும் சண்டை போட்டா மூளை குழம்பிப்போகுது. பழைய வேன்ல இன்ஜின் சத்தத்தை வெச்சே அடுத்து என்ன வரும்னு உடம்புக்குத் தெரியும். இதுல ஒண்ணும் தெரியல."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சயின்ஸு" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்தேன். ஒரு இலை பச்சையானது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் இது என்று வீட்டில் வந்து சொன்னேன். "ஆடுறது யாரு, நீங்களா அவங்களா?" என்றாள் என் மனைவி. எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து போய்விட்டேன்.

இதற்கெல்லாம் ஒரு லாக் புத்தகம் உண்டு. போய்ச் சேரத் தாமதமானால் காரணம் எழுதவேண்டும். 'பயணிக்கு உடல்நலக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஏழு முறை எழுதினேன். பொய்யா எழுதினேன், நடந்ததைத்தானே எழுதினேன்.

அந்த ஏழையும் எண்ணிப் பார்த்துத்தான் மையத்தின் இயக்குநர் அண்ணிக்குக் கடிதம் கொடுத்தார். ஒன்றாம் தேதியிலிருந்து அண்ணி டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரவேண்டும். கூடாரத்துக்குள் பதிவு செய்த குரல் பேசும். யாரோ ஒரு வானொலிக்காரரின் குரல், ஏற்கெனவே வரவழைத்து வைத்துவிட்டார்கள்.

அன்று திரும்பும்போது அண்ணி கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"பதினொரு வருஷம் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு வெச்சேன் தம்பி. இந்த ரெண்டரை வருஷம்தான் நான் எனக்குன்னு வாழ்ந்தது. கடைசில என் வயிறே என்னைக் கவுத்துடுச்சு" என்றார். அழவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அப்போதும் வயிற்றின் மேல்தான் கோபம் வந்ததே தவிர, வேறு எதன் மேலும் வரவில்லை.

அடுத்த வாரம் மையத்தின் இன்னொரு காருக்குப் புது டிரைவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இலை வாங்கும் வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி இயக்குநர் என்னிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழகுவதற்கு என் காரையே அவரிடம் கொடுத்தேன். அதில் புரொஜெக்டர் பெட்டி முன்சீட்டில் இருந்ததால் நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்சீட்டில் ஏறினேன். எந்த இடத்தில் எத்தனை இலை என்று குறிக்கவேண்டும்.

மனிதர் நல்ல மாணாக்கர். நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். காலை வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். நோட்டில் நான்கு வரி எழுதினேன். ஐந்தாவது வரியில் வாய்க்குள் எச்சில் ஊறியது. நெற்றியில் வியர்வை. ஜன்னலைத் திறக்கலாம் என்று பார்த்தால் எந்தப் பொத்தான் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க" என்றேன்.

"நாலு இலை வந்துடுச்சு, இன்னும் ஒண்ணுதான்" என்றார் அவர்.

நோட்டுப் புத்தகத்திலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நான் உங்களை மாதிரிதானே ஓட்டினேன்? பஸ்ல இப்படி ஓட்டியிருந்தா ஜனங்க என்னை இறக்கி அடிச்சிருப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். அதுதான் சுட்டது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். போய் அந்த இயக்குநர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

போனேன். "சார், அந்த ஏழு தாமதமும் அண்ணி வயித்தால இல்ல, என் காலால" என்றேன். அவர் லாக் புத்தகத்தைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். "நீங்களே எழுதினதுதானே?"

"எழுதினது தப்பு சார்."

இருபத்தாறு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறவன், என் ஓட்டுதல் சரியில்லை என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வாய்ப்புத் தந்தார். திங்கட்கிழமை மலைமேல் ஒரு பள்ளிக்கூடம், அறுபது கிலோமீட்டர், இருபத்திரண்டு வளைவு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, நடுவில் நிறுத்தாமல் காட்சியை முடித்தால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை புரொஜெக்டர் பெட்டியைப் பின்னால் கட்டிவிட்டு அண்ணியை முன்சீட்டில் உட்காரவைத்தேன். ஸ்கிரீனில் மூன்றாவது பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. காலை எடுத்தால் கார் எவ்வளவு இழுத்துப் பிடிக்கவேண்டும் என்பதற்கு: அதிகம், நடுத்தரம், குறைவு. குறைவு என்பதை அழுத்தினேன். அப்புறம் பஸ் டிரைவர் சொல்லிக்கொடுத்த மாதிரி, எது வந்தாலும் முன்கூட்டியே வாயால் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

"இடது வளைவு அண்ணி. காலை எடுக்கிறேன். மேடு. இப்ப பிரேக். வலது, பெரிய வளைவு."

ஓட்டுகிறவனுக்கு ஏன் வாந்தி வருவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்து என்ன என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கும் அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இருபத்திரண்டு வளைவுக்கும் தொண்டை வறளக் கத்தினேன். அண்ணி எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார், முகரவில்லை.

பத்து நிமிஷம் முன்னதாகவே பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். அண்ணி இறங்கி நின்றார். வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். நம்பமுடியாமல் ஒரு நடை நடந்து பார்த்தார்.

"என்ன தம்பி பண்ணீங்க?"

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். முட்டாள். கதவைத் திறந்து, ஸ்கிரீனைத் தொட்டு, பொத்தானைக் காட்டினேன்.

"இது எப்ப வெச்சாங்க?"

"வண்டி வாங்கினப்பவே இருந்துச்சு அண்ணி. போட்டா இலை வராது, அதான்…"

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் தம்பி. தலைக்குள்ள கட்டி ஏதாவது இருக்குமோன்னு பயந்து தனியா போய் ஸ்கேன் எடுத்தேன். உங்க அண்ணனுக்குக்கூடச் சொல்லல. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லன்னு தினம் என்னையே திட்டிக்கிட்டு ரோட்டோரம் குனிஞ்சு நின்னேன். நீங்க கார்ல உட்கார்ந்து இலை எண்ணிட்டு இருந்தீங்களா?"

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். கூடாரப் பையின் ஒரு முனையை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

காட்சி நாற்பது நிமிஷம். நான் கூடாரத்துக்கு வெளியே காற்றடிக்கும் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு தடவைகூட அவர் நிறுத்தவில்லை. பெரிய நட்சத்திரம் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், நம் சூரியன் மாதிரி நடுத்தரமானது நின்று நிதானமாக எரியும் என்று அவர் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப நம்மளுது தீராதா மிஸ்?" என்று கேட்டது. "இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் இருக்கு. நீ சாப்பிட்டுட்டு மெதுவா வா" என்றார். உள்ளே ஒரே சிரிப்பு. அப்படிப் பேசுகிறவரைத்தான் கவுன்ட்டரில் உட்காரவைக்க நான் ஏழு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இயக்குநர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வானொலிக்காரரின் குரல் பெட்டியிலேயே கிடக்கிறது. இலைப் பட்டியலில் என் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

அண்ணி முன்சீட்டில்தான் வருகிறார். வாந்தி இல்லை. என்னோடு பேசுவதும் இல்லை. இன்றோடு பத்தொன்பது நாள். அண்ணன்கூட ஒரு நாள் போன் போட்டு, "மன்னிப்புக் கேளு" என்றார். கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. காரில் என் குரல் ஒன்றுதான்.

"வேகத்தடை அண்ணி. வலது பக்கம் திரும்பறேன் அண்ணி. காலை எடுக்கிறேன் அண்ணி."

அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார். நான் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போகிறேன்.