மழையிலும் நிற்காத மேளம்

போன ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு சுற்றுலாக் குழுவோடு ஜார்ஜியா நாட்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் இருப்பது மயிலாப்பூர். கணவருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. கடையை விட்டு அவர் நகர்வதே அபூர்வம் என்பதால், மூன்றாம் வகுப்பு முடித்திருந்த எங்கள் மகளுக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். எங்களுக்கும்தான்.

அந்த நாட்டுத் தலைநகரில் ஆற்றுப் பாலம் ஒன்றை ஒட்டிப் பழைய பொருள்களுக்கான சந்தை இருக்கிறது. தரையில் துணி விரித்துக் கேமரா, பீங்கான் கோப்பை, வெள்ளிக் கரண்டி என்று பரப்பி வைத்திருப்பார்கள். நான் கரண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் சற்றுத் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் தனியாக வந்தார்.

"பாப்பா உன்கூடத்தானே நின்னா?"

"உங்ககிட்ட வரேன்னு ஓடி வந்தாளே."

அவர் பேருந்து நின்ற பக்கம் ஓடினார். எங்கள் குழுவின் வழிகாட்டிப் பெண் போலீஸுக்குத் தகவல் சொல்லப் போனார். நான் கைப்பேசியில் மகளின் படத்தைக் காட்டிக் காட்டி, வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இல்லை என்கிறார்களா, புரியவில்லை என்கிறார்களா தெரியவில்லை. கீழே ஆறு கலங்கலாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர்கள் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடிவிட்டு ஒதுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தை காலியாகிவிட்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பேச்சுச் சத்தம் எல்லாம் அடங்கிய பிறகும் பாலத்தின் அடியிலிருந்து ஒரு மேளச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதலிலிருந்தே கேட்ட சத்தம்தான். என் காதில் ஏறவில்லை. கேட்க ஓர் ஆள் இல்லாத நேரத்தில் யார் விடாமல் வாசிக்கிறார்கள் என்று அந்தத் திசையில் நடந்தேன்.

வளைவுக்குக் கீழே நரைத்த தாடியோடு ஒருவர். தோளில் தொங்கிய மேளத்தை ஒரு கையால் அடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பிடித்த சின்னக் குழலை ஊதிக்கொண்டிருந்தார். காலடியில் மூன்று தந்தி போட்ட வாத்தியம் ஒன்று, தோல்பையில் குழாய் செருகிய இன்னொன்று. அவர் பக்கத்தில், அவருடைய கோட்டைப் போர்த்திக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள். அழவில்லை.

"ஏம்மா இவ்ளோ லேட்டு? பாவம் இவரு, தண்ணிகூடக் குடிக்கல" என்றாள்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டதற்கு, நான் கேட்டதே தப்பு என்பதுபோல் பார்த்தாள்.

"நீதானே சொன்ன, தொலைஞ்சு போனா மேளத்துக்கிட்ட போய் நில்லுன்னு. இங்க மேளம், நாயனம் எல்லாமே இவர் ஒருத்தர்தான்மா."

சொன்னது உண்மை. பங்குனித் திருவிழாவின்போது மாடவீதிகளில் நெரிசல் தாங்காது, போனும் எடுக்காது. கை விட்டுப்போனால் நாயனக்காரர் பக்கத்தில் போய் நின்றுவிடு, சாமி எங்கே போனாலும் முன்னால் மேளம் போகும், சத்தத்தை வைத்து நாங்கள் வந்துவிடுவோம் என்று வருஷா வருஷம் அவளுக்குச் சொல்லித்தான் வீட்டை விட்டுக் கிளம்புவோம். அது மயிலாப்பூருக்கான ஏற்பாடு. அவள் எல்லா ஊருக்குமானது என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கணவரும் வழிகாட்டியும் வந்து சேர்ந்தார்கள். வழிகாட்டி அந்த மேளக்காரரிடம் அவர்கள் மொழியில் விசாரித்து எங்களுக்குச் சொன்னார். அவர் வாசித்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இவள் வந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாளாம். மேளத்தைக் காட்டி, காதைக் காட்டி, தூரத்தைக் காட்டி, அம்மா என்றாளாம். அந்த ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. மறுபடி ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மூச்சு வாங்கினால் தந்தி, குளிரில் விரல் மரத்தால் மேளம், கை ஓய்ந்தால் குழல் என்று மாற்றி மாற்றி வாசித்திருக்கிறார். நடுவில் போலீஸைக் கூப்பிடலாமா என்று சைகையில் கேட்டபோது இவள் கண் கலங்கிவிட்டதால் அதையும் விட்டுவிட்டாராம்.

நான் கை கூப்பினேன். அவர் இருமிக்கொண்டே சிரித்தார்; கோட்டை வாங்கி உதறி மாட்டிக்கொண்டு, வாத்தியங்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.

ஊருக்கு வந்த பிறகும் எனக்கு நடுக்கம் முழுதாகப் போகவில்லை. பாண்டி பஜாரில் அவள் கையை இறுக்கிப் பிடிக்கிறேன், "வலிக்குதும்மா" என்கிறாள். கேள்விப்பட்டவர்கள் எல்லாம், நல்ல புத்தி சொல்லி வளர்த்திருக்கிறாய், அதுதான் காப்பாற்றியது என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. மேளம் இருக்கும், நாங்கள் வரும்வரை நிற்காது என்று நான் கொடுத்த வாக்கு எங்கள் தெருக்களில் மட்டும்தான் செல்லும். அந்த ஊரில் அதைப் பொய்யாக விடாமல் காப்பாற்றியவர், என் பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாத அந்த மனிதர்.