கீழ் ஷக்கிளைப் பார்த்தது யார்?

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. சுழியோடி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஹோஸை ஏன் இப்படி எண்ணுகிறீர்கள், எங்களை நம்பவில்லையா என்று. அதற்குப் பதில் வாயால் சொன்னால் நீளும். அதனால் எழுதுகிறேன்.

இருபத்தாறு வருசமாகத் திருகோணமலைத் துறைமுகத் தண்ணீருக்குள் வேலை. கப்பலின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது, புரொப்பெல்லரில் சுற்றிய கயிற்றை வெட்டுவது, மிதவைச் சங்கிலி பார்ப்பது. வள்ளத்தில் கொம்பிரசர் ஓடும். அதிலிருந்து காற்று வரும் ஹோஸை, குழாயை, வாயில் கடித்துக்கொண்டு இறங்குவோம். இதுதான் தொழில்.

1. முதல் நாள்

சவிரி முதலாளியிடம் வேலை கேட்டுப் போனேன். துறைமுக வேலைகளைக் கொந்தராத்து, ஒப்பந்தம், எடுத்துச் செய்கிறவர். ஒரு வள்ளம், இரண்டு கொம்பிரசர், நாலு சுழியோடிகள். மூச்சு எவ்வளவு நேரம் பிடிப்பேன், எத்தனை பாகம் இறங்குவேன் (ஒரு பாகம் ஆறடி) என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

"கோயிலுக்குப் போறனீரோ?"

"ஓம் ஐயா. வெள்ளிக்கிழமை தவறாது. சாம்பல்தீவில எங்கட பிள்ளையார்."

"எந்தச் சாமியெண்டாலும் எனக்குக் காரியமில்லை. நான் வேதக்காரன், மாதா கோயில். எங்கட நசீர் நானா பள்ளிவாசலுக்குப் போறவர். ஆனால் ஏதோ ஒண்டு இருக்கவேணும். கடலுக்குக் கீழ மேற்பார்வைக்கு நான் ஓவசியர் வைக்க ஏலாது. நீர் மேல வந்து சொல்லுறதுதான் எனக்குக் கண். கடவுளுக்குப் பயமில்லாதவன்ர கதையை நான் எப்பிடி நம்புறது?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போயிருந்தேன். வேலை கிடைத்தது.

தண்ணீரில் இறங்கியதும் திருநீறு கரைந்துவிடும். மேலே ஏறியதும் பையிலிருந்து எடுத்துத் திரும்பப் பூசிக்கொள்வேன். பூசிய பிறகுதான் வாய் திறந்து ரிப்போட் சொல்வேன். அது என் பழக்கம். முதலாளிக்கு அது பிடிக்கும்.

2. நசீர் நானா

நானா கிண்ணியா ஆள். எங்களில் மூத்தவர். ஒருநாள் ஒரு இழுவைக் கப்பலின் புரொப்பெல்லரில் கயிறு வெட்டும்போது அவருடைய அறுக்கும் வாள் பட்டு ரப்பர் சீல் கிழிந்துவிட்டது. கயிறு சுற்றினால் சீல் கிழிவது வழக்கம். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நானா மேலே ஏறிக் கண்ணாடியைக் கழற்றியதும் கப்டனிடம் சொன்னார்.

"ரப்பர் சீல நான்தான் கிழிச்ச. கயிறு இல்ல."

முதலாளிக்குப் பெரிய நட்டம். நானா இரண்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். பிறகு நான் கேட்டேன்.

"கயிறு எண்டு சொல்லியிருக்கலாமே நானா?"

"கயிறு பேசாது தம்பி. நாளைக்குப் படைச்சவன் கேட்டா நான்தானே பேசணும்."

நானா அப்படி. ஆகவே முதலாளியின் நம்பிக்கை முழுப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

3. ஜெகன்

நானாவுக்குக் காதுச் சவ்வு போய்விட்டது. இனி இறங்க ஏலாது. ஆள் தேவைப்பட்டபோது லிங்கநகரிலிருந்து ஜெகன் வந்தான். முதலாளி அதே கேள்வியைக் கேட்டார்.

"ஒரு கோயிலுக்கும் போறேல்லை ஐயா."

"ஏன்? வீட்டில ஆரும் செத்ததோ? கோவமோ?"

"கோவமில்லை. எனக்கு நம்பிக்கை வரேல்லை. அவ்வளவுதான்."

"சின்ன வயசிலயும் போகேல்லையோ?"

"மோதகம் தின்னப் போனனான்."

நாங்கள் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. வேறு ஆள் கிடைக்காததால் எடுத்தார்.

ஜெகன் நல்ல சுழியோடி. ஆனால் அவனிடம் ஒரு சொல் இருந்தது. "பாக்கேல்லை." மேலே வந்து, "சங்கிலி கீழயிருந்து மூண்டாவது கண்ணி வரை சரி. அதுக்குக் கீழ சேறு. பாக்கேல்லை" என்பான். நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் ரிப்போட் எப்போதும் "சரி"தான். சேறு எங்களுக்கும் சேறுதான். கையால் தடவி, ஒரு ஊகத்தில் சரி என்போம்.

"மற்ற ஆக்களுக்குத் தெரியுது. உமக்கு மட்டும் தெரியேல்லையோ? கண்ணாடி வாங்கித் தரட்டோ?" என்பார் முதலாளி.

"தாங்கோ ஐயா. அந்தச் சேத்தையும் அள்ளிப்போட்டுத் தாங்கோ."

அவன் ஒன்றும் சுத்தத் தங்கமில்லை. திங்கட்கிழமையென்றால் தலையிடி என்பான். ஞாயிறு குடித்த சாராயம் செவ்வாய் வரை மணக்கும். ஆனால் சங்கிலியைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவன் சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

4. தடிமன்

வாடைக்காற்று தொடங்க முன் மிதவைச் சங்கிலிகளைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய சரக்குப் பார்ஜ் கட்டும் மிதவை. ஆழம் பத்துப் பாகம். கடலடியில் கொங்கிரீட் கல் கிடக்கும். கல்லையும் சங்கிலியையும் ஷக்கிள் என்ற இரும்பு வளையம் பிணைத்திருக்கும். ஷக்கிளின் ஆணி கழலாமல் ஒரு சின்னப் பின் போட்டிருக்கும். சங்கிலியோடு அந்தப் பின்னையும் பார்ப்பதுதான் வேலை.

வள்ளத்தில் நானும் ஜெகனும்தான். மேல் பாதி அவன், கீழ் பாதி நான் என்று பிரித்தோம். ஒருவன் இறங்கும்போது மற்றவன் மேலே நின்று ஹோஸ் விடுவான். ஹோஸில் ஒவ்வொரு பாகத்துக்கும் சிவப்பு நாடா சுற்றியிருக்கும். நாங்கள் ரேப் என்போம்.

எனக்கு அன்று தடிமன், மூக்கடைப்பு. நாலு பாகத்தில் காது அடைத்துவிட்டது. மூக்கைப் பிடித்து ஊதினேன். விடவில்லை. ஏறி வந்து ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றைய வேலை நிற்கும். தடிமனோடு ஏன் வந்தாய் என்று முதலாளி ஏசுவார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பத்து நிமிசம் தொங்கினேன். மேலே வந்தேன். திருநீறு எடுத்துப் பூசினேன்.

"சரி" என்றேன்.

ஜெகன் என்னை ஒரு தடவை பார்த்தான். வேலைக் கொப்பியில் 'சங்கிலி சரி' என்று எழுதி இரண்டு பெயரையும் போட்டான்.

ஒன்பதாம் நாள் காற்று எழும்பியது. பார்ஜ் அறுத்துக்கொண்டு போய்க் கரைப்பக்கம் கட்டியிருந்த ஒரு மீன்பிடி வள்ளத்தை நசுக்கியது. இறக்கக்கண்டி ஊர்க்காரர் ஒருவருடைய வள்ளம். உள்ளே ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தால் இதை எழுத எனக்கு முகம் இருந்திராது. சங்கிலியை இழுத்துப் பார்த்தார்கள். சங்கிலி முழுசாக வந்தது. கீழ் ஷக்கிளின் ஆணி இல்லை.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"கீழ் பாதி ஆர் பாத்தது?"

கேட்டவர் பார்த்தது ஜெகனை.

"அண்ணைதான். நான் மேல் பாதி" என்றான் ஜெகன்.

"தம்பி, இவன் உம்மில போடுறான். நீரோ?"

"மாறி மாறித்தான் இறங்கிறனாங்கள் ஐயா. எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

முதலாளிக்கு அது போதும்.

"நான் முதல் நாளே நினைச்சனான். கடவுள் இல்லாதவனுக்குக் கல்லென்ன, ஷக்கிளென்ன? போம். இனி இந்தத் துறைமுகத்தில உம்மை ஒருத்தரும் இறக்காயினம்."

ஜெகன் கண்ணாடியையும் நீந்தும் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு போனான்.

5. ஹோஸ்

மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கடையில் அவனைக் கண்டேன். ஒதுங்கப் பார்த்தேன். அவனே கூப்பிட்டான்.

"காது எப்பிடி அண்ணை?"

"ஆர் சொன்னது காதெண்டு?"

"ஹோஸ் என்ர கையிலதானே இருந்தது. நாலாவது ரேப்போட நிண்டிட்டுது. மிச்சம் ஆறு ரேப்பும் என்ர காலடியில சுருண்டு கிடந்தது."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அப்ப ஏன் முதலாளியிட்டச் சொல்லேல்லை?"

"அவர் உங்கட நெத்தியைப் பாத்தார். பிறகு என்ர நெத்தியைப் பாத்தார். ஹோஸை ஆர் கேக்கிறது?" தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தான். "நானும் பிழைதான். நீங்கள் சரி எண்ட உடன, மூத்த ஆள் எண்டு வாயை மூடிக்கொண்டு எழுதினனான். அண்டைக்கே கேட்டிருக்கவேணும்."

"இனி என்ன செய்யப்போறாய்?"

"அட்டைக்குப் போறன். வெளிக்கடல். நாளையிண்டைக்குப் படகு."

கடலட்டை எடுக்க இருபது, இருபத்தைந்து பாகம் இறங்க வேண்டும். ஒருநாளில் நாலு ஐந்து தரம். அதற்குப் போய்க் கால் விளங்காமல் திரும்பிய ஒருவர் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். கழிப்பறைக்கு அவரை மகன் தூக்கிக்கொண்டு போகிறான். அவரைத் தினமும் பார்க்கிறேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு முதலாளியின் கந்தோர் திறக்க முன்னமே வாசலில் நின்றேன். அவர் வந்து திறந்ததும் சொன்னேன்.

"ஐயா, கீழ் பாதி நான். இறங்கேல்லை. காது விடேல்லை. நாலு பாகத்தில நிண்டிட்டு வந்து சரி எண்டனான். பிறகு ஞாபகமில்லை எண்டதும் பொய்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"அண்டைக்குக் காலமையும் கும்பிட்டிட்டுத்தானே வந்தனீர்?"

"ஓம் ஐயா."

"இண்டைக்கு?"

"இண்டைக்கும்."

"அப்ப பிள்ளையார் என்னதான் செய்தவர் உமக்கு?"

"பிள்ளையாரைக் கேக்காதேங்கோ ஐயா. ஹோஸை எண்ணியிருந்தால் நான் அண்டைக்கே பிடிபட்டிருப்பன்."

அவர் பிறகு ஜெகனுக்குத் தொலைபேசி எடுத்தார். என்னை வெளியே போகச் சொன்னார்.

ஜெகன் படகேறவில்லை. எனக்கு வேலை போனது. இறக்கக்கண்டிக்குப் போய் அந்த வள்ளத்துக்காரரிடம் நான்தான் என்று சொன்னேன். முதலில் அடிக்க வந்தார். பிறகு வேலை தந்தார். கூலி இல்லை. வள்ளத்தின் பக்கத்தைப் பிய்த்துத் திரும்பப் பைபர் போட வேண்டும். காலையில் நான் திருநீற்றோடு போய் நின்றால், "நெத்தியில பூசினது போதும், வந்து ரெசினைப் பூசு" என்பார். வள்ளம் தண்ணீரில் இறங்கும்வரை நின்றேன்.

6. இப்போது

ஆறு மாதத்துக்குப் பிறகு முதலாளி திரும்பக் கூப்பிட்டார். அவர் ஓய்ந்த பின் நானும் ஜெகனும் சேர்ந்து நடத்துகிறோம். ஆள் எடுக்கும்போது கோயில், பள்ளி, தேவாலயம் எதையும் கேட்பதில்லை. அது அவரவர் விசயம்.

கேட்பது வேறு. மேலே நிற்பவன் ரேப்பை எண்ணி முதலில் எழுத வேண்டும். இறங்கியவன் பிறகுதான் பேச வேண்டும். கடைசி ஷக்கிளில் ஒட்டிய சிப்பி ஒன்றைச் சுரண்டிக்கொண்டு வந்து பலகையில் வைக்க வேண்டும். 'பார்க்கவில்லை' என்று சொன்னவனுக்குச் சம்பளம் வெட்டு இல்லை, ஏச்சு இல்லை. பார்க்காமல் 'சரி' என்றவனுக்கு வேலை இல்லை. இது எனக்கும் சேர்த்து.

கடவுள் பயம் உள்ளவன் பொய் சொல்ல மாட்டானா என்று கேட்டால், நசீர் நானா பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஜெகனுக்கு அந்தப் பயமே இல்லை, அவனும் சொல்லவில்லை. கடவுள் பார்க்கிறார் என்று நாலு பாகத்தில் தொங்கும்போதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தொங்கினேன். எனக்கு அவரைவிட முதலாளியின் ஏச்சுத்தான் பெரிதாக இருந்தது. உங்களுக்கு எது பெரிது என்று இறங்க முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இறங்கினேன். வயது போனால் காதும் போகும். ஏறி வந்தேன். ஜெகன் கொப்பியோடு நின்றான்.

"அஞ்சு எண்டு எழுதியிருக்கிறன் அண்ணை."

"அஞ்சுதான். கீழ் ஷக்கிள் பாக்கேல்லை."

எழுதினான். நான் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினான். பத்தாவது ரேப் தண்ணீருக்குள் போகும்வரை நான் எண்ணினேன்.