எனக்கு மட்டும் எப்போதும் தேசம்

வெள்ளிக்கிழமை மாலை ஜெபக் கூட்டம் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகச் சுற்றி வரும். பாட்டும் வசனமும் முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிரசவம், மாமியாருக்கு மூட்டுவலி. கூட்டம் நடத்தும் பிரதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதற்கு இன்னார் ஜெபியுங்கள் என்று பங்கு பிரித்துக் கொடுப்பார். எனக்கு வருவது எப்போதும் ஒன்றுதான்.

“நம்ம காலேஜ் பொண்ணு தேசத்துக்காகவும் ஆளுறவங்களுக்காகவும் ஜெபிக்கட்டும்.”

மூட்டுவலி என்றால் அடுத்த வாரமே தெரிந்துவிடும், குறைந்ததா இல்லையா என்று. குறைந்தால் ஜெபித்தவருக்குப் பெயர். தேசத்துக்காக ஜெபித்தவளைத் தேடி யார் கேசரி கொண்டு வருவார்கள்? போதாததற்கு, அந்த வருடங்களில் டெல்லியில் ஆட்சி அடிக்கடி கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

ஆனாலும் நான் சளைக்கவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பும்போது கண்ணை மூடினால், சைதாப்பேட்டை வருவதற்குள் ஒரு ஜெபம் தயார். ‘சர்வ வல்லமையும் மகா இரக்கமும் உள்ள பரம பிதாவே’ என்று தொடங்கி, எங்கும் தடுக்காமல் ஓடும். என்றைக்காவது ஒரு நிஜ மனுஷருக்காக, ஒரு நிஜக் காய்ச்சலுக்காக அதைச் சொல்லக் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அப்போதுதான் அவள் வந்தாள். டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்குப் பக்கத்து மிஷின். நான் ஹையர், அவள் லோயர். கூட்டத்துக்கு அவளைக் கூட்டி வந்ததே நான்தான். முதல் வாரமே பிரதர், கூட்டத்துக்கு வரும் டீச்சர் ஒருவரின் மகனுக்கு வேலை கேட்டு ஜெபிக்கும் பங்கை அவளுக்குக் கொடுத்தார்.

“ஏசப்பா, அந்த அண்ணன் இன்டர்வியூ இன்டர்வியூவாப் போய்கினேகீறாரு. செருப்பே தேஞ்சிபோச்சி. அவங்கம்மா அழுதுகினுகீறாங்க, நீயும் பாத்துகினுதானே கீற? இந்த வாட்டி குட்த்துடுப்பா.”

யாரோ சிரித்தார்கள். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மாதமே வேலை கிடைத்தது. அதன் பிறகு காய்ச்சல், பிரசவம், வரன் எல்லாம் அவளுக்கே போனது. வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதாவது சொன்னார்கள். பக்கத்திலேயே நான் நின்றேன். என் காதும் சும்மாதான் இருந்தது.

கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்த வாரம், அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. என் வீடு, என் அம்மா. வடைகூட நான்தான் சுட்டேன். அம்மா குறிப்பைச் சொன்னதும் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன்.

அம்மா பிரதரைப் பார்த்து, “அந்தப் பாப்பாவே ஜெபிக்கட்டுமே, பிரதர்” என்றாள்.

அன்றைக்குத் தேசத்துக்காக நான் செய்த ஜெபம் இரண்டே வரி.

டம்ளர்களைத் தேய்க்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, எனுக்காக ஒன்னு ஜெபம் பண்றியா?”

“ஏன், நீதான் நல்லாப் பண்றியே. நீயே பண்ணிக்கோ.”

“மத்தவங்களுக்குன்னா வாய் தன்னால வருதுக்கா. எனுக்குன்னு ஒக்காந்தா ஒன்னுமே வர்ல. பொண்ணு பாத்துட்டுப் போனாங்க. நல்ல எடம், குன்றத்தூர். ஒரு பதிலும் காணோம்.”

குன்றத்தூர். கல்யாணமாகி அங்கே போய்விட்டால் வெள்ளிக்கிழமை தோறும் பஸ் பிடித்து வர முடியாது. சோப்பு நுரைக் கையோடு அப்படியே கண்ணை மூடினேன். ரயிலில் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. “ஆண்டவரே, இவளுக்கு இந்த இடம் அமையணும், எப்படியாவது அமையணும்” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கெஞ்சினேன். குரல் உடைந்தது. அவள் அழுதே விட்டாள்.

அடுத்த வாரம் சம்மதம் வந்தது. அவள் எழுந்து, “எனுக்குன்னா எனுக்கு வாயே வர்ல, அக்கா பண்ண ஜெபம்தான்” என்று சாட்சி சொன்னாள். அதையும் அவ்வளவு அழகாகச் சொன்னாள். எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் கண் கலங்கினார்கள். அம்மாவும் ஆபரேஷன் முடிந்து நன்றாகத் திரும்பி வந்தாள்.

அவள் கல்யாணமாகிப் போனாள். எனக்கு பேங்க் பரீட்சை வந்தது. ஒருநாள் காலையில் அம்மா புடவை மாற்றிக்கொண்டு பையோடு கிளம்பினாள்.

“எங்கம்மா?”

“குன்றத்தூருக்கு. உன் பரீட்சைக்கு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

“அவ கல்யாணமே நான் ஜெபிச்சுதான் நடந்துச்சு!”

“ஆமா, அதான் அவளே சொன்னாளே. தனக்குன்னா தனக்கு வாய் வராதாம். உனக்கு மட்டும் எப்படி வரும்? பேசாம படி.”

கேட்டைத் தாண்டி அம்மா தெருமுனைக்கே போய்விட்டாள். நான் வாசலுக்கு ஓடிவந்து கத்தினேன்.

“அப்படியே தேசத்தையும் அவளையே பாத்துக்கச் சொல்லு!”